தின் மாரின் சனிக்கிழமைகள்

தாய்லாந்தின் சியாங் மாயில் படிக்க வந்த பர்மியப் பெண் தின் மார், சனிக்கிழமை ஆனால் வகுப்புத் தோழி புளோயை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவாள்.

லம்பாங்கில் குதிரைவண்டி, சியாங் ராயில் அருவிக் குளியல், பயாவோவில் ஏரிமீன். ஒவ்வோர் ஊரிலும் அரைமணி நேரம் மட்டும் தனியே போய் வருவாள்.

"ஊருக்கொரு ஆளு வச்சிருக்கியாடி?" என்று புளோய் சீண்டுவாள்.

ஒரு சனிக்கிழமை பிரே நகரில் தின் மார் அழுதுகொண்டே திரும்பி வந்தாள். "வடக்குல இனி ஊரே மிச்சமில்லடி."

"அதுக்கா அழுவாங்க? அடுத்த வாரம் தெக்கே போலாம்!"

"அவ்வளவு தூரம் என் தம்பியால நடந்திருக்க முடியாது."

"தம்பியா?"

"கட்டாயமா பட்டாளத்துல சேத்துடுவாங்கன்னு பயந்து எல்லை தாண்டி வந்தவன்டி. நாலு மாசமாச்சு. எந்த ஊர் ஜெயில்லயும் இல்ல. பிணவறையிலயும் இல்ல."

புளோய் அவள் கண்ணீரைத் துடைத்துவிட்டாள். பிறகு, "வீட்டுக்குத் தெரியுமா?" என்றாள்.

"நம்மகூடத்தான் அவனும் ஊர் சுத்துறான்னு அம்மா நம்பிட்டிருக்காங்க."