சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

கடையில் இரண்டு புல்வெட்டும் வண்டிகள் அடுத்தடுத்து நின்றன. இரண்டுமே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற ரகம். சிவப்பு வண்டி நல்ல உயரம். பச்சை வண்டி குள்ளம், சக்கரம் மட்டும் அகலம்.

மலைச்சரிவில் பெரிய தோட்டத்தோடு வீடு வாங்கியிருந்த தேவசிகாமணி வந்தார். சிவப்பு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "அடேயப்பா, ராஜா மாதிரி இருக்கு! இதையே குடுங்க."

"அவர் தோட்டம் சரிவாமே, உன்னால் நிற்க முடியுமா?" என்று பச்சை வண்டி மெல்லக் கேட்டது.

"அவரே கேட்கலை, உனக்கென்ன?" என்றது சிவப்பு.

வீட்டில், புல்தரையின் உச்சியில் வண்டியை நிறுத்தி மாலை போட்டார்கள். சூடம் காட்டினார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

"அண்ணே, இந்தச் சரிவுல என்னாலயே உருளாம இருக்க முடியல. இவ்வளவு உசரத்தை வச்சிக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்றது பழம்.

"நல்ல நாளும் அதுவுமா வாயை மூடு!"

வண்டி கிளம்பியது. பழம் நசுங்கியது. பாதிச் சரிவில் வண்டி சாய, தேவசிகாமணி ரோஜாச் செடிக்குள் குதித்தார். வண்டி உருண்டுபோய்க் கீழேயிருந்த குட்டையில் குப்புற விழுந்தது.

உடம்பில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அவர் யோசித்தார். "பழம் ரொம்பச் சின்னது. அதான் இப்படி ஆயிடுச்சு."

அடுத்த வாரம், பழுதுபார்த்த சிவப்பு வண்டி அதே உச்சியில் மாலையோடு நின்றது. இந்தத் தடவை சக்கரத்துக்கு முன்னால் ஒரு பூசணிக்காய்.

பூசணிக்காய் கீழே குட்டையைப் பார்த்தது. பிறகு வண்டியைப் பார்த்தது.

"அண்ணே, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"