காலியாக விட்ட கட்டம்

கேப்டன் நெடியோன் வரும் விண்வெளித் தொடர் அமலதாஸுக்கு அறவே பிடிக்காது. "இவனுக்கு ஒரு சைக்கிள் ஓட்டத் தெரியுமா புள்ள?" என்று மனைவி ஜெசிந்தாவைச் சீண்டிவிட்டு, தன் லோடு ஆட்டோவைத் துடைக்கப் போய்விடுவான். அந்த நெடியோனை வைத்துத்தான் ஜெசிந்தா ரசிகர் கதைகள் எழுதிவந்தாள்.

அமலதாஸ் இறந்தபிறகு, அவன் நினைவிலிருந்து அல்லாமல் அவளுக்குக் கதை வேறெங்கிருந்தும் வரவில்லை. வண்டியை எடுக்குமுன் அவன் ஹேண்டில்பாரை இரண்டு தட்டுத் தட்டி, "போவமா ராசா?" என்று கேட்பான். அவள் கதையில் நெடியோன் தன் விண்கலத்தை இரண்டு தட்டுத் தட்டி அதையே கேட்டான்.

ரசிகர்கள் அனுப்பும் கதைகளிலிருந்துதான் தொடர் நிறுவனம் தினமும் புது அத்தியாயம் செய்தது. அனுப்பும் படிவத்தில், 'இது உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது?' என்றொரு கட்டம் இருக்கும். செத்த புருஷன் பெயரை அதில் எழுதக் கூச்சப்பட்டு, ஜெசிந்தா காலியாக விட்டாள். அதைக் காலியாக விட்டால் கதையில் உள்ளதெல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்பது விதி.

மறுநாள் மாலையே திரையில் நெடியோன் அப்படிக் கேட்டான். ஒரே மாதத்தில் தூத்துக்குடி பஸ் டிரைவர்கள்கூட ஸ்டியரிங்கைத் தட்டி ராசாவைக் கூப்பிட்டார்கள். ஊரெல்லாம் தன் புருஷன் குரல்தான் என்று ஜெசிந்தா பூரித்துப்போனாள்.

மூன்றாம் ஆண்டு நினைவுப் பூசை முடிந்து வந்து, மகள் ரீனாவுக்குப் பழைய வீடியோவைக் காட்டினாள். அப்பா போனபோது ரீனாவுக்கு ஒன்றரை வயது. வீடியோவில் அமலதாஸ் வண்டியைத் தட்டினான்.

ரீனா துள்ளிக் குதித்தாள். "அம்மா, அப்பா நெடியோன் மாதிரியே செய்றாங்க! அப்பாவுக்கும் நெடியோன்னா உசுரா?"

பிள்ளையின் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"ஆமாம்மா," என்றாள் ஜெசிந்தா. "உசுரு."