மூணடி புதுப்பனி

"வேணாங்க! காலை எடுத்து வெளியில வைக்காதீங்க! எம்மேல ஆணை!"

ரைஸ் மில் ஆபீசில் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள் விஜயலட்சுமி. மெஷினை நிறுத்தி வைத்திருந்தார்கள். நாலு வீடு தள்ளி அவள் மாமனார் பச்சமுத்துவின் உடல் கிடந்தது. மேளச் சத்தம் இங்கே வரை கேட்டது.

செத்தவரின் தம்பி ஆதிமூலம் வாசற்படியில் நின்று பொருமிக்கொண்டிருந்தார்.

"இன்னா சொல்றான் உன் புருஷன்? தந்தி போய்ச் சேந்துதா இல்லியா?"

"சேந்துடுச்சாம் சின்ன மாமா. அழுதுக்கினு இருக்காரு. கொஞ்சம் சும்மா இருங்க." ரிசீவருக்குள் மறுபடி குனிந்தாள். "ஏங்க, பலகையில இன்னா எழுதியிருக்கு? அடிப்பனி எவ்ளோ?"

"ஆறடி, விஜயா." இளஞ்செழியனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"புதுசா?"

"ராத்திரி மட்டும் மூணடி."

"இப்ப வெயிலா, மேகமா?"

"வெயில்... நல்ல வெயில். ரோட்டை மூடிட்டாங்க. என்னால வர முடியாது விஜயா. அப்பாவை... அப்பாவை நல்லபடியா..."

விம்மல் ஒன்று வெடித்தது. 'டக்'கென்று லைன் போயிற்று.

ரிசீவரை வைத்துவிட்டு, கேட்டதையெல்லாம் ஆதிமூலத்திடம் சொன்னாள் விஜயலட்சுமி.

இளஞ்செழியன் பி.எஸ்ஸி. படித்தவன். எழுதாத பரீட்சை இல்லை, போகாத இண்டர்வியூ இல்லை. கடைசியில் காஷ்மீர் குல்மார்க்கில், பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களை மலைமேல் ஏற்றி இறக்கும் கம்பிவண்டியில் வேலை. மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதே மில்லுக்கு டிரங்க் கால் போடுவான். போன ஞாயிறு மட்டும் ஏனோ வரவில்லை. அங்கே ஆபீஸ் பலகையில் தினமும் எழுதிப் போடும் பனி நிலவரத்தை அப்படியே ஒப்பிப்பான். கேட்டுக் கேட்டு அவளுக்கும் அத்துப்படி. "இளஞ்செழியன் பொண்டாட்டி பனியிலயே மாவு சலிப்பா" என்று ஊரில் கேலி.

"வெயில் அடிக்குதுன்னுதானே சொன்னான்?" ஆதிமூலம் எகிறினார். "அப்புறம் இன்னா கேடு? கரைஞ்சிடப் போவுது. கெளம்பி வர வேண்டியதுதானே? பெத்த அப்பனுக்குக் கொள்ளிதான் வைக்க முடியல, கருமாதிக்காவது வருவானா?"

"அய்யோ மாமா, வெயில்தான் எமன்!" வெளியே களத்தை நோக்கிக் கையை நீட்டினாள். "அந்த உமி மேட்டைப் பாருங்க. பழசு அமுங்கி இறுகிக் கெடக்கு. அதுமேல இன்னிக்கு அரைச்ச உமியைக் கொட்டினா நிக்குதா? மொத்தமா வழுக்கிக்கினு வருதில்ல? பழைய பனி மேல மூணடி புதுப்பனின்னா அப்பிடித்தான். வெயில் பட்டுதோ, மலையே சரியும். போன வருஷம் ரெண்டு பேரை நாலு நாள் கழிச்சுத்தான் தோண்டி எடுத்தாங்களாம்."

ஆதிமூலத்தின் துண்டு தோளிலிருந்து நழுவியது.

"அப்ப அவன்..."

"இங்க அப்பா சாவு. அங்க அழுதுக்கினு தனியா ஒக்காந்திருக்காரு. போனைப் பட்டுனு வச்சிட்டாரு. மனசு கேக்காம எறங்கி நடந்துட்டாருன்னா? அடுத்தடுத்து ரெண்டு சாவை என்னால தாங்க முடியாது மாமா!"

ஆதிமூலம் தழுதழுத்தார். "கொள்ளியை நானே வச்சிக்கறேன்மா. அண்ணன் ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு. ஏற்கெனவே பாவி மனுஷன் நெஞ்சைப் புடிச்சிக்கினு மூணு மணி நேரம் ஜீப்புல கெடந்தே செத்தாரு. வேலையில எட ஒதுக்கீடு கேட்டு இந்த மறியல் பண்ணவனுங்க வழி விட்டிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். புள்ளையாவது பொழச்சிக் கெடக்கட்டும். நீ அந்தக் காஷ்மீர் ஆபீசுக்கே போனைப் போடு. அவனை ரூமுல வச்சிப் பூட்டச் சொல்லு!"

ரிசீவரை எடுத்தாள். கள்ளக்குறிச்சி எக்ஸ்சேஞ்சில் ரெஜினா எடுத்தாள்.

"ரெஜினா, நான்தான் விஜயா. குல்மார்க் ஆபீஸ் நம்பர் உன்கிட்ட இருக்கில்ல? அர்ஜெண்ட் கால் போடும்மா. எவ்ளோ ஆனாலும் பரவால்ல. அவரை வெளிய விடக் கூடாதுன்னு சொல்லணும்!"

"டிரங்க்கா? இன்னாக்கா, உங்களுக்கு விஷயமே தெரியாதா?" ரெஜினாவின் குரல் களைத்திருந்தது. "நேத்து காலையிலயே மரத்தோட போஸ்டும் சேந்து சாஞ்சிடுச்சு. விழுப்புரம் லைன், சேலம் லைன், ரெண்டும் போச்சு. வெளியூருக்கு ஒரு கால் கூட இல்ல. நம்ம ஊருக்குள்ள மட்டும்தான் பேசலாம். நீங்க சைக்கிள்ல குடுத்தனுப்பின தந்தி கூட இதோ இங்கயேதான் கெடக்கு."

"போகலியா?" விஜயலட்சுமிக்கு ஒன்றும் ஓடவில்லை. "இன்னா ரெஜினா உளர்ற? தந்தி கெடச்சிதுன்னு அவரே சொன்னாரே! இப்பத்தானே, அஞ்சு நிமிஷம் முன்னாடி, காஷ்மீர்லேந்து பேசினாரு!"

"காஷ்மீரா? அந்த லைனை நான்தானேக்கா குடுத்தேன். அது இங்க நம்ம போலீஸ் ஸ்டேஷன் நம்பர். நேத்து கச்சிராயபாளையம் ரோட்டுல புளியமரத்தை வெட்டிப் போட்டு ஜீப்பை மறிச்சாங்களே, அந்தக் கேசுல ஒம்பது பேரு உள்ள இருக்காங்க. அதுல ஒருத்தரு, ஜீப்புல வந்த பெரியவர் யாருன்னு கேள்விப்பட்டதுலேந்து சுவத்துல தலையை முட்டிக்கினு, உங்க மில்லுக்கு ஒரே ஒரு தடவை பேசணும்னு ஏட்டு காலைப் புடிச்சிக் கெஞ்சினாராம். யாருக்கா அவரு?"