தேதியில்லாத தாள்

ஷெப்பர்ட்டன் ஊரில், பேரிக்காய் தரம்பிரித்துப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் தேநீர் இடைவேளை. நான்கு வருடமாக எங்களுக்கு ஒரு பிஸ்கட்கூட நீட்டாத மேற்பார்வையாளர் டரில் இன்று சாக்லேட் கேக் வெட்டிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு தட்டுக்கடியிலும் ஒரு தாள்: 'தற்காலிகத் தொழிலாளியாகவே இருக்க விரும்புகிறேன்.' திங்கட்கிழமை புதுச் சட்டம் வருகிறது. அதன்பின் நாங்கள் நிரந்தர வேலை கேட்கலாம். "கையெழுத்து மட்டும் போடுங்க. தேதிய நான் போட்டுக்கறேன்," என்கிறான். "எந்தத் தேதி, டரில்?" என்கிறாள் ஃபிஜிக்காரி வாசிட்டி. "ஏதோ ஒரு தேதி. நீ சாப்பிடு." பேனா கை மாறிக் கை மாறிப் போகிறது, யாரும் மூடியைத் திறக்கவில்லை. வாசிட்டி கேக்கை முகர்ந்து பார்க்கிறாள். "முதல்ல நீ சாப்பிடு," என்று தட்டை அவன் பக்கம் தள்ளுகிறாள். தாளை மட்டும், கையெழுத்துப் போடாமலே, நிதானமாக நான்காக மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொள்கிறாள். டரிலின் கத்தி கேக்கில் பாதி இறங்கியபடியே நிற்கிறது.