நாலாவது கசிவு

“பிடி” என்றான் பெரியவன்.

சின்னவன் கிளட்ச் லீவரை நாலு தடவை அமுக்கி, கடைசியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். என்ஜின் பக்கத்தில் குத்துக்காலிட்டிருந்த பெரியவன், காற்றை வெளியேற்றும் சின்னத் திருகான நிப்பிளை அரைச் சுற்று திறந்தான். டியூபில் காற்றுக் குமிழியும் ஆயிலுமாக வந்து பாட்டிலில் விழுந்தது. மூடிவிட்டு, “விடு” என்றான்.

எட்டு மாதமாக அண்ணன் தம்பிக்குள் நடந்த பேச்சுவார்த்தை மொத்தமே இந்த இரண்டு சொற்கள்தான். அதுவும் அப்பா விட்டுப்போன இந்தக் கிழட்டு பைக்கில், கேபிளுக்குப் பதில் ஆயிலால் இயங்கும் கிளட்ச் கசிந்தால் மட்டும். பெரியவன் மாடிப்படிக் கம்பியில் ஸ்பானரால் தட்டுவான்; மாடியில் இருக்கும் சின்னவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கி வருவான். கசிந்தபின் ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க ஒருத்தர் லீவரைப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். நல்லவேளையாக அதற்கு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில், அப்பாவுக்கு இன்னொரு ஆபரேஷன் வேண்டாம், அவரைப் படுத்தியது போதும் என்று கையெழுத்துப் போட்டவன் பெரியவன். “நீதான் அப்பாவக் கொன்ன” என்று வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கத்தியவன் சின்னவன். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு.

முதல் தடவை கசிந்தபோது கைப்பிடியில் இருக்கும் சிலிண்டரின் சீல் தேய்ந்திருந்தது. பெரியவன் மாற்றினான். ஒரே மாதத்தில் மறுபடி கசிவு. என்ஜின் பக்கத்துச் சீலையும் மாற்றினான். மூன்றாம் தடவை ஹோஸ் முனையிலிருந்த செம்பு வாஷர்கள். இன்று நாலாவது தடவை. பத்து மாடிக் கட்டிடத்து லிஃப்டைத் தனியாளாகச் சரிசெய்கிற மெக்கானிக் அவன். இந்தப் பைக்கிடம் மட்டும் அவன் பருப்பு வேகவில்லை.

சின்னவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன், முடியளவு கீறல்கூடக் கண்ணுக்குத் தப்பாது. இன்று காலை அவன் இறங்கி வந்தபோது பெரியவன் டியூப் எடுக்க உள்ளே போயிருந்தான். சும்மா நிற்பானேன் என்று குனிந்து பார்த்தான். சீல், வாஷர் இருக்கும் இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. நிப்பிளில் மட்டும் ஈரம். விரலை வைத்ததும் அது தானாகச் சுழன்றது.

ஓடும்போது கழன்றிருந்தால் ஆயில் பின்சக்கரம் வரை தெறித்திருக்கும். இது சொட்டுச் சொட்டாக நேர் கீழே தரையில் விழுந்திருந்தது. வண்டி நிற்கும்போது யாரோ ஸ்பானர் போட்டுத் தளர்த்தியிருக்கிறார்கள்.

பெரியவன் கவனிக்காமல் எடுத்துக்கொண்டு போய், சிக்னலில் கிளட்ச் கைகொடுக்காமல், வண்டி பஸ்ஸுக்கு முன்னால் பாய்ந்திருந்தால்?

வாசல் கேட்டுக்கு மூன்று சாவி. அண்ணனிடம் ஒன்று, அண்ணியிடம் ஒன்று, அவனிடம் ஒன்று. வெளியாள் வர வழியில்லை. அண்ணியோ புருஷன் ஒரு தும்மல் போட்டால் வெந்நீர் வைக்கிறவள். மிச்சம் இருப்பது அவன்தான். தான் செய்யவில்லை என்பது அவனுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டுமே.

“பிடி.”

பிடித்தான். சமையலறை ஜன்னலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணி, பாத்திரத்திடம் பேசுவதுபோல, “நாலு தடவையும் தானாவா கசியும்? வீட்டுக்குள்ளயே யாருக்கோ அவர் நல்லாயிருக்கிறது பொறுக்கல” என்றாள்.

சின்னவனுக்குக் காது சுட்டது. பெரியவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. குமிழி வருவது நின்று வெகுநேரம் ஆகியும், திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தான். உயிர் போகிற விஷயம், எத்தனை தடவை செய்தாலும் தகும் என்று சின்னவனும் வாயைத் திறக்காமல் பிடித்தான், விட்டான், பிடித்தான். அதற்குமேல் அவனால் முடியவில்லை.

“அண்ணா.”

எட்டு மாதம் கழித்து வந்த சொல். ஸ்பானர் அப்படியே நின்றது.

“இந்த வண்டிய எடுக்காத. யாரோ வேணும்னே நிப்பிள லூஸ் பண்றாங்க. சத்தியமா நான் இல்லண்ணா. அன்னிக்கு ஆஸ்பத்திரியில வாய்க்கு வந்தத பேசிட்டேன், தப்புதான். அப்பாதான் போயிட்டாரு. உனக்கும் ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது.”

கண்ணீர் தாடை வரை இறங்கிவிட்டது. துடைக்க வழியில்லை. அண்ணன் ‘விடு’ என்று சொல்லுமுன் லீவரை விட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும் என்று, பிடித்தபடியே நின்றான்.

பெரியவன் நிப்பிளை இறுக்கி மூடினான். ஸ்பானரைக் கீழே வைத்தான். தம்பியைப் பார்க்காமல், ஆயில் படிந்த விரல்களைத் துணியில் துடைத்தான். துடைக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“மொத தடவ நிஜமாவே சீல் போச்சு” என்றான். “அன்னிக்குத்தான் நீ கீழ வந்து என் பக்கத்துல நின்ன.”

“அதுக்கு?”

“மத்த மூணு தடவையும் நான்தான்டா லூஸ் பண்ணேன்.”