மூன்று மைல் மூச்சு

“நாளைக்கு ஓட்டம் கிடையாது, றலியா” என்றான் தாஸிம்.

மூன்று மாதமாக வீட்டுக்குப் பின்னாலுள்ள மலையில் ஓடி ஏறி, மூச்சிரைக்க ஐந்து தோட்டா சுட்டுப் பழகியவன் அவன்.

“ஏழு மணி பஸ்ஸில கண்டிக்குப் போய், ஆறுதலா இருந்துட்டுத்தான் சுடுவேன். போன வருஷப் போட்டியில கை நடுங்கித் தோத்தது போதும்.”

“சரி” என்றாள் மனைவி. அன்று அவன் சுட்ட, வட்டம் கீறிய கடதாசியில் அவள் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

காலையில் சுவர் மணிக்கூடு ஆறரை காட்டியபோது தாஸிம் புறப்பட்டான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ் இல்லை.

“அது போய் அரை மணித்தியாலத்துக்கு மேலாச்சே! அடுத்தது ஒன்பதுக்குத்தான்” என்றார் தேத்தண்ணிக் கடைக்காரர்.

துப்பாக்கியோடு கண்டி வரை மூன்று மைலும் ஓடினான். போட்டித் திடலில் அவன் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இளைப்பாற நேரமில்லை. நெஞ்சு அடிக்க அடிக்கப் படுத்துச் சுட்டான்.

ஐந்தும் நடுப்புள்ளியில்!

பின்னேரம் வெள்ளிக் கோப்பையோடு வீட்டுக்குள் நுழைந்தவன், “முதல்ல அந்த மணிக்கூட்டத் திருத்தக் குடுக்கணும். ஒரு மணித்தியாலம் பிந்தி ஓடுது!” என்றான்.

“அதுக்கு ஒண்ணுமில்ல. சுபஹு தொழுதுட்டு நான்தான் முள்ளப் பின்னுக்குத் தள்ளி வச்சேன்.”

“என்னது?”

“ஓடிவந்து சுட்ட நாளெல்லாம் அஞ்சும் பட்டிச்சு. மழைக்கு ஓடாம சுட்ட நாள்ல ரெண்டுதான். ஆறுதலா இருந்து சுட நீங்க எங்க பழகினீங்க?” என்றபடி றலியா கோப்பையை வாங்கினாள்.