ரெண்டு சட்டைக்காரி

"மார்னி பொய் சொல்றா," என்றார் கோச் ரஸ்டி.

வாண்டா ஸ்கோர் நோட்டை மூடினாள். பன்னிரண்டு வயசுப் பெண்களின் சாஃப்ட்பால் டீம் அது. பெயர் ஹார்னெட்ஸ். வாண்டாவின் மகள் ஜோலியும் அதில் ஆடுகிறாள். ஆனால் பந்து வீசுவது எப்போதும் மார்னிதான்.

"என்ன பொய்?"

"நாளைக்குப் பிராக்டிஸுக்கு வர மாட்டாளாம். பல் டாக்டராம். எந்தப் பல் டாக்டர் சனிக்கிழமை காலைல எட்டு மணிக்குக் கதவைத் திறக்கிறான்?"

"சில பேர் திறப்பாங்க."

"சரி, அதை விடுங்க. நேத்து ஃபோன்ல யார்கிட்டயோ 'ரெட்பட்ஸ் சட்டை எனக்குப் பத்துமா'ன்னு கேட்டுட்டு இருந்தா. என்னைப் பார்த்ததும் டக்குனு வச்சுட்டா."

ரெட்பட்ஸ் நாற்பது மைல் தள்ளி இருக்கிற டீம். ஹார்னெட்ஸுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது.

சீசன் தொடங்கும்போதே ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கியிருந்தார் ரஸ்டி. ஒரு பெண்ணுக்கு ஒரு டீம். வேறெங்கேயாவது ஆடினால் வெளியே. பெற்றோர் கூட்டத்தில் அதை அவரே எழுந்து நின்று இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

"நாளைக்குக் காலைல ரெட்பட்ஸுக்கு அவங்க மைதானத்துல ஆட்டம் இருக்கு. நீங்க போய்ப் பாருங்க வாண்டா. என் வண்டியை அங்க எல்லாருக்கும் தெரியும்."

வாண்டா போனாள். உண்மையைச் சொன்னால் ஆசையாகவே போனாள். மார்னி வெளியே போனால் பந்து வீசும் இடம் ஜோலிக்கு. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வண்டியில் தனியாகப் போகும்போதுகூட அப்படி எதுவும் நினைக்காத மாதிரி ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.

மைதானத்தில், தின்பண்டக் கடைக்குப் பின்னால் நின்றாள். சும்மா நின்றால் சந்தேகம் வருமே என்று ஒரு தட்டு நாச்சோஸ் சிப்ஸ் வாங்கிக்கொண்டாள்.

மார்னி இருந்தாள். ஊதா நிற ரெட்பட்ஸ் சட்டை, முழங்கால் வரை தொங்கியது.

பல் டாக்டர்.

மார்னி பந்து வீசவில்லை. எல்லைக் கம்பிக்குப் பக்கத்தில், பந்தே வராத மூலையில் நின்றாள். கடைசியில் வீசுவதற்காக ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று வாண்டா நினைத்தாள். கடைசி வரை வீசவில்லை. அடுத்த ஆட்டத்துக்காக இருக்கும் என்று நினைத்தாள்.

ரெட்பட்ஸ் மோசமாகத் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய கோச் மார்னிக்கு ஒரு ஐஸ் வாங்கிக் கொடுத்து முதுகில் தட்டினார்.

கூலி, என்று நினைத்தாள் வாண்டா. மூன்று ஃபோட்டோ எடுத்தாள். ஒன்றில் முகம் நன்றாக விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் ரஸ்டி எல்லாரையும் கூப்பிட்டார். பெண்கள், பெற்றோர், எல்லாரையும்.

"பல்லு எப்படி இருக்கு மார்னி?"

மார்னி தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ரஸ்டி வாண்டாவின் ஃபோனை நீட்டினார். "இது யாரு? உன் கூடப் பிறந்த ரெட்டையா?"

இரண்டு அப்பாக்கள் சிரித்தார்கள்.

"நான்தான் கோச்."

"எதுக்குப் போனே?"

"அவங்க ஏழு பேர்தான் இருந்தாங்க. எட்டுப் பேர் இல்லன்னா ஆடவே விட மாட்டாங்க, தோத்துட்டதா எழுதிடுவாங்க. நான் பந்துகூட வீசல. சும்மா நின்னேன்."

"அவங்களுக்கு ஆள் இல்லன்னா உனக்கென்ன? பிள்ளைங்களைப் பிடிச்சு வச்சுக்கத் தெரியாதவன் எதுக்கு டீம் நடத்துறான்? யாரு உன்னைக் கூப்பிட்டது?"

மார்னி தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கிறேன்ல?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லாதே. நம்ம டீம் சட்டையைத் துவைச்சு நாளைக்குக் கொண்டுவந்து குடுத்துடு. இந்த டீம்ல விசுவாசம் இல்லாதவங்களுக்கு இடம் கிடையாது." பிறகு திரும்பினார். "ஜோலி, கையைச் சூடு பண்ணிக்கோ. இன்னிக்கு நீதான்."

வாண்டா ஸ்கோர் நோட்டைத் திறந்து ஜோலியின் பெயரை அழுத்தி எழுதினாள். சந்தோஷம்தான். வேறு என்ன பெயர் சொல்வது?

"நான்தான் கோச் மார்னியைக் கூப்பிட்டேன்."

எல்லாரும் திரும்பினார்கள். பிரைலின். வியாழக்கிழமைதான் டீமில் சேர்ந்தவள். டெக்சாஸிலிருந்து புதுசாகக் குடிவந்த பிள்ளை என்று ரஸ்டி சொல்லியிருந்தார். நெடுநெடுவென்று வளர்ந்தவள், கைக்கு எட்டாத பந்து கிடையாது.

"நீ சும்மா இரு பிரைலின்," என்றார் ரஸ்டி. குரல் இறங்கியிருந்தது.

"அவளா போகல. நான்தான் அழுதுட்டே கேட்டேன். என் பழைய சட்டையையும் நான்தான் குடுத்தேன்."

"டெக்சாஸ்காரிக்கும் ரெட்பட்ஸுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்டாள் வாண்டா.

"நான் டெக்சாஸுக்குப் போனதே இல்ல, மிஸ் வாண்டா."

ரஸ்டி வாயிலிருந்த சூரியகாந்தி விதையைத் துப்பினார். "ஆட்டத்துக்கு நேரமாச்சு. எல்லாரும் இடத்துக்குப் போங்க."

யாரும் நகரவில்லை.

பிரைலின் அவரை நேராகப் பார்த்தாள்.

"புதன்கிழமை நீங்க எங்க வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டப்போ, ரெட்பட்ஸ்ல நாங்க எட்டுப் பேர் இருந்தோம் கோச்."